ஏழு செங்கல்லும் நாலு தகரமும்

கோவிந்தம்மாவுக்குக் காலையில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை. காலையில் எண்ணூர்க் கழியோரத்தில் குனிந்து சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கிப் போடுவாள். சாயங்காலம், அந்தக் கன்றுகளுக்கெல்லாம் விதை கொடுத்த பெரிய மரங்களின் அடியில் விளக்கேற்றிக் கும்பிடுவாள். பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. “காலீல புள்ளைங்கள சாவடிக்கிறா, சாயந்தரம் ஆத்தாளக் கும்புடறா” என்று குப்பத்து ஆம்பிளைகள் சீட்டாடிக்கொண்டே கிண்டல் செய்வார்கள். அவள் திருப்பி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். மீன் ஏலத்தில் அவள் தொண்டையைத் திறந்தால் காசிமேட்டு வியாபாரிகளே ஒதுங்கி வழிவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அவள் வாய்க்குப் பூட்டு. அந்தப் பூட்டு விழுந்த கதை இது.

அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகிற தூரத்தில், கழியை ஒட்டி அவர்கள் குப்பம். புருஷன் ரகுபதி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. பெண்கள் கழியில் இறங்கி இறால் தடவுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போடுகிற வேலை. வலை வேண்டாம், படகு வேண்டாம், எவன் தயவும் வேண்டாம். கஷ்டமெல்லாம் கரையேறிய பிறகுதான். கழுத்து வரைக்கும் நனைந்து உடம்போடு ஒட்டிய புடவையோடு ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போக முடியாது. அந்த ரோட்டில் எப்போது பார்த்தாலும் கண்டெய்னர் லாரிகள், துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும். டிரைவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே.

கரைக்கும் ரோட்டுக்கும் நடுவில் கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. குப்பத்து வாயில் அதன் பெயர் வேலிகாத்தான். அதற்குள் நுழைந்துதான் பெண்கள் துணி மாற்றிக்கொள்வார்கள். ‘மறைப்பு’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். முள் குத்தும், எறும்பு கடிக்கும். ஆனால் மானம் போகாது.

கோவிந்தம்மாவின் ஒரே மகள் ஜோதிகா, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு தண்ணீரில் இறங்கத் தொடங்கிய புதிது. ஒருநாள் மறைப்புவரை போகச் சோம்பல்பட்டு, கரையிலேயே நின்று தாவணியை உதறிக் கட்டினாள். லாரி மேலிருந்து ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கோவிந்தம்மா கல்லை எடுத்து அடித்ததில் கண்ணாடி உடைந்தது, லாரி ஓடிவிட்டது. போன் போனது போனதுதான். படம் எங்கே போயிற்றோ யார் கண்டது. பெண் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பிறகு ஒருவழியாக எழுந்து வந்தவள், மறைப்புக்குள் போனால் அம்மா வெளியே காவல் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். கோவிந்தம்மாவும் நின்றாள்.

வனத்துறைக்காரர்கள் வந்தது அதற்கப்புறம். கழியை ஒட்டிய சதுப்பு நிலத்தையும், நடுவிலிருக்கிற கொக்குத் திட்டையும் பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நட்டார்கள். வந்த வனவர் ஜெரால்ட் ராயபுரத்துப் பையன். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். ஜெரால்ட் பூட்ஸ் காலோடு சேற்றில் இறங்கத் தயங்காதவர். குப்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விஷயத்தைப் பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

“அக்கா, வேலிகாத்தான் இந்த ஊர் மரமே இல்ல. அது நிக்கிற எடத்துல வேற எதையும் வளர விடாது. மொத்தத்தையும் எடுத்துட்டு, வாய்க்கா வெட்டி அலையாத்தி நட்டா, அதோட வேர்லதான் இறால் குஞ்சு தங்கும். நாலஞ்சு வருஷத்துல நீங்க பறிய தூக்கிகினு தேட வேணாம், அதுவே கையில வந்து மாட்டும்.”

மற்றவர்கள் கூலிக்காகத் தலையாட்டினார்கள். கோவிந்தம்மா நம்பினாள். வருஷா வருஷம் பறி லேசாகிக்கொண்டே வருவதைப் பல்லாலேயே எடை போட்டுத் தெரிந்துவைத்திருந்தவள் அவள். பெண்ணைக் கம்பெனிக் குப்பை கூட்ட அனுப்பாமல் இந்தக் கழியிலேயே பிழைக்கவைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. கூட்டத்துக்கு அவளே மேஸ்திரி ஆனாள். வெட்டினால் மட்டும் போதாது, கடப்பாரை போட்டு வேரைக் கிளப்பவேண்டும், இல்லையென்றால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும் என்று ஜெரால்ட் சொல்லிக் கொடுத்தார். காய்ந்து விழுந்த விதை நெத்துகளைக்கூட மூட்டையில் பொறுக்கி எரித்தார்கள். கையெல்லாம் முள் குத்திச் சீழ் வைத்தது. திட்டு சுத்தமாயிற்று, கரை சுத்தமாயிற்று. மிச்சம் நின்றது மறைப்பு ஒன்றுதான்.

“நாளைக்கு ரோட்டோரத்துல இருக்கற அந்தப் பொதர எடுத்துடலாம்” என்றார் ஜெரால்ட்.

பெண்கள் எல்லாரும் கோவிந்தம்மா முகத்தைப் பார்த்தார்கள்.

“அது இருந்துட்டுப் போட்டுமே சார். ஓரமாத்தானே கீது” என்றாள் அவள்.

“எதுக்குக்கா? ஒரு மரத்த விட்டா போதும். நெத்து தண்ணியில மிதந்து வரும். மாடு தின்னு சாணியில போடும். நம்ம பட்ட பாடெல்லாம் வீணாயிடும்.”

“இல்ல சார்... நெழலுக்கு...”

“நெழலா? இந்த முள்ளுலயா?” என்று சிரித்தார் ஜெரால்ட். கெட்ட சிரிப்பு இல்லை அது.

அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்கு நாக்கு எழவில்லை. லாரிக்காரன் மேல் கல்லெறிந்தவள், ஏலத்தில் ஊரையே அலறவைக்கிறவள், அந்த ஆம்பிளை அதிகாரியின் முகத்தைப் பார்த்து, ‘பொம்பளைங்க துணி மாத்திக்க வேணும் சார்’ என்ற ஒற்றை வரியைச் சொல்ல முடியாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். சொன்னால் அவர் கண் முன்னால் அந்தக் காட்சி வந்துவிடும் என்று கூச்சம். ஜோதிகாவின் விஷயம் கிளறப்படும் என்று பயம். இந்தப் பாழாய்ப்போன கூச்சத்தை யார் நமக்குள் திணித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் செய்தாள். இடிந்து கிடந்த பழைய பம்ப் ரூமிலிருந்து ஏழு செங்கல்லைப் பொறுக்கினாள். மறைப்புக்கு நடுவில் இருந்த பெரிய வேலிகாத்தானடியில் வரிசையாகப் பாதி புதைத்து நட்டாள். கழிச்சேற்றைப் பூசிப் பழசாக்கி, மேலே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். கடலுக்குப் போகிற சனத்துக்கு ஏழு கல் என்றால் விளக்கமே வேண்டாம். கன்னிமார். ஏழு அக்கா தங்கச்சிகள், தண்ணீருக்குக் காவல். அவர்கள் உட்கார்ந்த மரத்தில் கத்தி வைக்க எவனுக்கும் துணிச்சல் வராது.

இன்னொரு கணக்கும் அவள் மனசில் இருந்தது. அதுதான் பிற்பாடு அவளை அரித்தது. ஜெரால்ட் கிறிஸ்தவர். அம்மன் மரத்தில் அவர் கை வைத்தால் ஊர் வேறு மாதிரி பேசும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த நல்ல மனுஷனின் பெயரையே அவருக்கு எதிராகத் திருப்பினாள்.

ஜெரால்ட் வந்தார், பார்த்தார், பூட்ஸைக் கழற்றினார்.

“இது எப்பலேர்ந்துக்கா இருக்கு?”

“எங்க மாமியா காலத்துலயே இருந்துச்சாம் சார். பொதரு மூடிகிச்சு. நேத்து சுத்தம் பண்றப்பதான் கண்ணுல பட்டுச்சு” என்று கூசாமல் அளந்தாள். துணி மாற்றும் விஷயத்தைச் சொல்லக் கூசிய அதே வாய்.

“சரி, வுட்டுடுங்க. சுத்தி வேலி கட்டி, நெத்து வெளிய போகாம பாத்துக்கங்க. நீங்கதான் பொறுப்பு” என்றார். பெண்களுக்கு நிம்மதிப் பெருமூச்சு. அவர்களுக்கும் செங்கல் ரகசியம் தெரியாது. கன்னிமார் தங்கள் மானத்தைக் காக்கவே வெளிப்பட்டார்கள் என்று நம்பினார்கள்.

முதல் இரண்டு வருஷம் எல்லாம் அமோகம். திட்டைச் சுற்றி மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்கமும் அலையாத்திக் கன்று நட்டார்கள். அலை ஏறினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும், வடிந்தால் வடியும். கன்றுகள் முழங்கால் உயரம் வந்தபோது, வேருக்கடியில் கண்ணாடித் துண்டு மாதிரி இறால் குஞ்சுகள் ஓடுவதைக் கோவிந்தம்மா ஜோதிகாவைக் கூட்டிப் போய்க் காட்டினாள். “பாத்தியாடி, உன் சொத்து” என்றாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

பிறகு ஜெரால்டை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் பலகையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். கூட்டம் கலைந்தது. வேலி கட்டுவதாவது? கன்னிமாருக்கு யார் முள்வேலி கட்டுவார்கள்? அதற்குள் கூட்டத்திலிருந்த மாயாவுக்கு ஓர் ஆடி வெள்ளியன்று சாமி வந்துவிட்டது. “நானாத்தான் வந்து குந்திகினேன், எனக்குப் பொங்கல் வெக்காம இன்னாடி பண்ணிகினு கீறீங்க” என்று அவள் மரத்தடியில் ஆடிய ஆட்டத்தில் குப்பமே மிரண்டது. கோவிந்தம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிரிப்பதா அழுவதா என்றே தெரியாமல், அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றுமுதல் பெண்கள் அங்கே துணி மாற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். சாமி முன்னால் மாற்றலாமா? எதற்காக அந்தப் புதர் தப்பியதோ, அதற்கே உதவாமல் போயிற்று. மறுபடியும் ஈரப் புடவையோடு ரோட்டைத் தாண்டினார்கள்.

ஜோதிகாவுக்கு உள்ளூரிலேயே கல்யாணம் நடந்தது. வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் வீட்டில் பேச்சு வளர்ந்தபோது, அவள் வேலிகாத்தான் கிளையில் மஞ்சள் துணியில் ஒரு தொட்டில் கட்டினாள். அடுத்த வருஷம் பெண் குழந்தை. அதற்கப்புறம் அந்த மரத்தை அசைக்க அந்த ஆண்டவனாலும் ஆகாது என்றாயிற்று.

மரம் தன் வேலையைப் பார்த்தது. பொங்கல் வைக்கிற இடத்து நிழலுக்கு மணலிப் பக்கத்து மாடுகள் வந்து ஒதுங்கின, இனிப்பான நெத்தைத் தின்றன, திட்டுப் பக்கம் போய்ச் சாணி போட்டன. அலையிலும் நெத்து மிதந்து போனது. வாய்க்கால் கரைமேட்டில் விரல் அளவுக் கன்றுகள் தலைகாட்டின. கோவிந்தம்மா தனியாளாகப் போய்ப் பிடுங்கினாள். ஒரு மழைக்காலம் அவளுக்கு டைபாய்டு. எழுந்து போய்ப் பார்த்தபோது ஆள் உயரம், உள்ளே நுழைய முடியாத முள். நுழைய முடியாததால் வாய்க்காலைத் தூர் வார முடியவில்லை. தூர் வாராததால் அலைத் தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் ஏறாமல் அலையாத்திக் கன்றுகள் நின்ற வாக்கிலேயே கருகின. ஜெரால்ட் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

போன வருஷம் ஜெரால்ட் ரேஞ்சராகத் திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது. திட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, குப்பத்தைக் கூட்டினார். புதிதாக நடுவதற்கு மேலிடத்தில் சம்மதம் வாங்கியிருப்பதாகவும், ஆனால் விதை போடுகிற தாய்மரங்கள் நிற்கிற வரைக்கும் நட்டுப் பிரயோஜனம் இல்லை என்றும் சொன்னார். “கல்ல மரியாதையா வேற எடத்துக்கு மாத்திக்கலாம். நீங்களே பூசை போட்டு மாத்துங்க. நான் கிட்டக்கூட வரல.”

சலசலப்பு எழுந்தது. அப்போதுதான் கோவிந்தம்மா எழுந்து, பத்து வருஷமாகப் பூட்டிய வாயைத் திறந்தாள்.

“அங்க சாமி ஒண்ணியும் இல்ல. பம்ப் ரூமு செங்கல்லு. நான்தான் நட்டேன்.”

மாயா எழுந்து வந்து, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “நீ நட்டியா? எத்தினி பேரு கீறாங்க, ஏன் உன் கைய புடிச்சு நட வெச்சா? உனக்கே தெரியாம ஆத்தா உன்கிட்ட வேல வாங்கிகிச்சு கோவிந்தம்மா.”

“ஐயோ, அது பொய்யிடி! பொய்!”

ஜோதிகா குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “அது பொய்யின்னா, இது இன்னாமா? எம்புள்ள பொய்யா?”

“உனக்காகத்தான்டி வெச்சேன். நீ துணி மாத்தறதுக்கு...” என்று ஆரம்பித்தவளுக்கு, இத்தனை பேர் முன்னால், லாரிக்காரனின் கதை தொண்டையில் வந்து நின்றது. முடிக்காமல் உட்கார்ந்துவிட்டாள். கன்னிமாரை நகர்த்துவதில்லை என்று ஊர் முடிவு செய்தது. அதோடு, கல் நட்ட கைதான் விளக்கும் ஏற்றவேண்டும் என்று அந்த வேலையையும் அவள் தலையில் கட்டியது.

ஜீப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜெரால்டைக் கரையில் ஓடிப்போய்ப் பிடித்தாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள்: செல்போன், சுவரைப் பார்த்துப் படுத்த மகள், மறைப்பு, செங்கல். அவர் கிறிஸ்தவர் என்பதை வைத்து ஆடிய ஆட்டத்தையும் விடவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கழிப் பக்கம் திரும்பினார்.

“என் தங்கச்சி டெபோராவும் ஜோதிகா வயசுதான்க்கா” என்றார். “அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சாயங்காலத்துக்குள்ள நாலு தகரம் அடிச்சுக் குடுத்துருப்பேனே. நாலே நாலு தகரம். எனக்கும்தான் தோணல. இத்தினி பொம்பளைங்க ஈரத்தோட எங்க போறாங்கன்னு நானும் கேக்கல பாரு.”

அலையாத்தி நடுகிற வேலை வேறு இடத்துக்குப் போய்விட்டது, பழவேற்காடு பக்கம். கழியில் இறால் தடவ இப்போது யாரும் இறங்குவதில்லை; இறங்கினால் கிடைப்பதும் இல்லை. ஜோதிகா கம்பெனி வேனில் ஏறிக் குப்பை கூட்டப் போகிறாள். எது நடக்கக்கூடாது என்று கோவிந்தம்மா கடப்பாரை பிடித்தாளோ அதுவே நடந்தது. பக்கத்துச் சின்ன வாய்க்காலில் மட்டும் ஏழெட்டு அலையாத்திகள் எப்படியோ உயிரோடு நிற்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் அவள் தினமும் காலையில் கன்று பிடுங்குகிறாள். கூலி யாரும் கொடுப்பதில்லை.

இந்த ஆடிக்கு முன்னால், கன்னிமார் மழையில் நனைகிறார்கள், கூரை போடவேண்டும் என்று குப்பத்தில் பேச்சு வந்தது. தகரம் வாங்க, பூசாரியம்மா ஆகிவிட்ட கோவிந்தம்மாவைத்தான் அனுப்பினார்கள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போய் இறங்கினாள். குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடுகிற இடம். கடை கடையாகத் தகரம், ஆள் உயரத்துக்கு அடுக்கி, வெயிலில் கண் கூசியது. பத்து வருஷமும் இவை இங்கேதான் இருந்திருக்கின்றன என்று நினைத்தவள், ஒரு கடை வாசலில் அப்படியே உட்கார்ந்தாள்.

கடைக்காரர் சுஃபியான் தண்ணீர் கொடுத்தார். “இன்னாம்மா வேணும்? ஷீட்டா? எத்தினி?”

“நாலு.”

“கூரைக்கா? எதுக்குன்னு சொன்னாத்தான் எந்த சைஸுன்னு எடுக்க முடியும்.”

கோயிலுக்கு என்றுதான் சொல்ல வாயைத் திறந்தாள்.

“பொம்பளைங்க கழியில எறங்கி இறாலு தடவுறாங்க நைனா. கரையேறி துணி மாத்திக்க எடமில்ல. அதுக்கு ஒரு மறைப்பு கட்டணும்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. முன்னே பின்னே தெரியாத ஓர் ஆம்பிளையிடம், நடுக் கடைத்தெருவில், திக்காமல் திணறாமல். சுஃபியான் சிரிக்கவில்லை, ஏற இறங்கப் பார்க்கவில்லை. நீளம் எது சரியாக இருக்கும் என்றுதான் யோசித்தார்.

“ஆறடி ஷீட்டு போட்டா ஆள் மறையும். நாலு போதும்மா” என்று சொல்லிவிட்டு எடுக்கப் போனார்.

தகரங்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். கோவிந்தம்மா அவற்றின் மேலேயே உட்கார்ந்து, குப்பம் வருகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். ஜோதிகா எதிரில் ஓடி வந்து, “கோயிலுக்கு சோக்கா கீதும்மா” என்று ஒரு தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். கோவிந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறக்குவதற்கு இன்னொரு முனையைப் பிடித்தாள்.